பதினான்கு நாள் வெயில்

2019 செப்டம்பர் 27 அன்று தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் மகளிர் மாரத்தான் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு தொடங்கியது. கத்தாரின் பகல் வெயிலிலிருந்து வீராங்கனைகளைக் காப்பாற்றவே அந்த நேரம் குறிக்கப்பட்டது. சூரியன் இல்லாமல் போனாலும் காற்றின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் நின்றது, ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. புறப்பட்டவர்கள் 68 பேர், எல்லைக்கோட்டைத் தொட்டவர்கள் 40 பேர். வென்ற கென்ய வீராங்கனை எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அதே தூரத்தை அவர் 2 மணி 17 நிமிடம் 8 விநாடியில் ஓடியிருந்தார். உலகின் மிகச் சிறந்த கால்கள் கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிய அந்த இரவைப் பற்றி அப்போது எழுந்த பேச்செல்லாம் போட்டியை எங்கே, எப்போது வைப்பது என்பதைச் சுற்றியே இருந்தது. அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானும் வேக நடைப் போட்டிகளும் சுமார் 800 கிலோமீட்டர் வடக்கே சப்போரோவுக்கு மாற்றப்பட்டன. அங்கும் வெயில் விடவில்லை. 2021 ஆகஸ்டில் மகளிர் மாரத்தானுக்கு முந்தைய இரவில், தொடங்கும் நேரத்தை 7 மணியிலிருந்து 6 மணிக்கு முன்தள்ள வேண்டியிருந்தது. மறுநாள் ஆண்கள் ஓட்டத்தில் 106 பேர் புறப்பட்டு 30 பேர் பாதியில் நின்றார்கள். இடத்தையும் நேரத்தையும் மாற்றுவது அமைப்பாளர்களின் கடமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வீரரின் கையில் இருப்பது வேறொன்று: போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்கள். அந்த நாட்களில் அவர் வெயிலை விட்டு ஒதுங்கி இருக்கிறாரா, மருந்தைப்போல் அளந்து எடுத்துக்கொள்கிறாரா என்பதே போட்டி நாளில் அவர் நிலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதற்கு இன்று போதுமான சான்று இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தசை ஒரு மோசமான இயந்திரம். அது எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாகிறது, மீதி வெப்பமாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தான் தூரத்தை ஓடி முடிக்கச் சுமார் 2,500 கிலோகலோரி செலவாகும். அதை 2 மணி 10 நிமிடத்தில் ஓடினால் மணிக்கு 900 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் உடலுக்குள் பிறக்கிறது. அது வெளியேற வழியே இல்லையென்று வைத்துக்கொண்டால் மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும், கால் மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து வந்துவிடும். அப்படி நடக்காமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. ஆவியாக வேண்டும் என்பதுதான் இதில் நிபந்தனை, சொட்டித் தரையில் விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. வேலூரின் காய்ந்த மே மாதத்தில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும், அதே பானையைச் சென்னைக் கடற்கரைப் புழுக்கத்தில் வைத்தால் அந்தக் குளிர்ச்சி வராது. தோலுக்கும் அதே கதிதான். அதனால்தான் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பிப் பயிற்சியைத் திட்டமிடக் கூடாது என்கிறார்கள். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் பயிற்சியில் மயங்கி விழுவதைத் தடுக்க 1950களில் ஒரு குறியீட்டெண்ணை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு அதில் 70 சதவீதப் பங்கு. வெயிலின் நேரடிச் சூட்டுக்கு 20, நிழலில் எடுக்கும் சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10. விளையாட்டு உலகம் இன்றும் அதையே பயன்படுத்துகிறது.

வியர்க்க வேண்டுமென்றால் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர வேண்டும், அதைக் கொண்டுவருவது இரத்தம். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஓடும் கால் தசையும் இரத்தம் கேட்கிறது, குளிர வேண்டிய தோலும் கேட்கிறது. வியர்வையாகப் போகும் நீரும் பெருமளவு இரத்தத்திலிருந்தே போவதால் இருக்கும் இரத்தமும் குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு சுருங்க, ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. இருபதாவது கிலோமீட்டரில் வேகம் அதே, நாடி மட்டும் 15 துடிப்பு கூடியிருக்கும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை நெருங்கும்போது பலருக்கு மூளையே வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிடுகிறது. இது மனத்திடம் இல்லாததன் அறிகுறி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் குறைவாக இருப்பது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அதைக் கூட்டிக்கொள்ள உடலுக்கு வழி தெரியும், நாள்தான் வேண்டும்.

தொடர்ந்து சில நாள் வெப்பத்தில் உழைக்கும் உடலில் நிகழும் மாற்றங்களுக்கு ஒரு வரிசை உண்டு. தொடங்கிய மூன்று முதல் ஆறு நாளுக்குள், பிளாஸ்மா எனப்படும் இரத்த நீர் கூடுகிறது. சிறுநீரகமும் வியர்வைச் சுரப்பியும் உப்பைப் பிடித்துவைக்க, உப்போடு நீரும் தங்குகிறது. அதனால் அதே உழைப்புக்கு நாடித்துடிப்பு இறங்குகிறது. வாரம் முடிவதற்குள் ஓய்விலும் உழைப்பிலும் உள்வெப்பம் சற்றுத் தாழ்கிறது. வியர்வை முன்பைவிடச் சீக்கிரம் சுரக்கத் தொடங்கி, அதிகமாகவும் சுரக்கிறது. இது முழுமை பெற இரண்டு வாரம் வரை பிடிக்கும். முதல் நாள் பயிற்சி முடிந்து உலரும் பனியனில் வெள்ளை வெள்ளையாகப் படியும் உப்புக் கோடுகள் பத்தாவது நாளில் மங்கியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், வியர்வை கூடியும் அதில் போகும் உப்பு குறைந்துவிட்டது. பலன்களில் முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே கிடைத்துவிடுகிறது என்பது பொதுவான மதிப்பீடு. பெண்களுக்கு முழுப் பலன் கிடைக்கக் கூடுதல் நாள் தேவைப்படலாம் என்று காட்டும் ஆய்வும் உண்டு. ஆண்களை வைத்துப் போட்ட அட்டவணையை அப்படியே பெண்கள் அணிக்கும் கொடுக்கும் பயிற்சியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த அறிவு விளையாட்டு மைதானத்தில் பிறந்ததல்ல. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் தங்கச் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போனபோது, பாறைச் சூட்டோடு, தூசி அடங்கத் தெளித்த தண்ணீரின் ஆவியும் சேர்ந்து, 1920களில் தொழிலாளிகள் வெப்பத்தால் சுருண்டு விழுந்து இறக்கத் தொடங்கினார்கள். இறந்தவர்களில் பலர் சுரங்கத்துக்கு அப்போதுதான் வந்த புதியவர்கள். அந்தக் கவனிப்பிலிருந்துதான், புதிதாக வருபவர்களைச் சூடான ஈர அறைகளில் படிப்படியாக உழைக்கவைத்துப் பழக்கிய பிறகே கீழே அனுப்பும் முறை வளர்ந்தது. பின்னர் சிரில் விண்டம், நிக் ஸ்ட்ரிடம் போன்ற உடலியல் அறிஞர்கள் அதை நுணுக்கமாக அளந்து எழுதினார்கள். பழக்கப்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் புலம்பெயர் தொழிலாளிகள். அவர்களுடைய நலனைவிடத் தங்கத்தின் உற்பத்தியே சுரங்க முதலாளிகளுக்கு முக்கியமாக இருந்தது. இன்றைய ஒலிம்பிக் அணிகளின் பயிற்சி அட்டவணை அந்த உடல்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடந்துபோவது நியாயமாகாது.

விளையாட்டுக்கு வந்தால், மிகத் தெளிவான சான்று சைக்கிள் வீரர்களிடமிருந்து கிடைத்தது. நன்கு பயிற்சி பெற்ற ஒரு குழுவினரைக் கடிகாரத்துக்கு எதிராக 43.4 கிலோமீட்டர் தனித்தனியே ஓட்டவைத்தார்கள். குளிர்ந்த சூழலில் அவர்கள் சராசரியாக 304 வாட் திறனைத் தந்தார்கள். கத்தாரின் சுமார் 37 டிகிரி வெப்பத்தில் முதல் முறை அது 256 வாட்டுக்கு விழுந்தது. அந்த வெயிலிலேயே பயிற்சியைத் தொடர்ந்த ஒரு வாரத்துக்குள் 279, இரண்டு வாரத்தில் 294. அதே மனிதர்கள், அதே தூரம், அதே வெயில். முதல் நாள் இழந்த 48 வாட்டில் 38 வாட் பதினான்கு நாளில் திரும்பிவிட்டது. முதல் ஓட்டத்தில் அவர்கள் குளிர்ச் சூழலில் ஓட்டும் வேகத்திலேயே புறப்பட்டு நடுவழியில் சரிந்தார்கள், பழகிய பிறகு தொடக்கம் முதல் முடிவு வரை வேகத்தைச் சீராகப் பிடித்தார்கள். பந்தய வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தெளிவும் உடம்பு பட்டறிந்து பெறுவதுதான்.

இவ்வளவு தெரிந்திருந்தும் 2015 பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டிக்கு வந்தவர்களிடம் கேட்டபோது, வெப்பத்தில் பயிற்சி எடுத்து வந்ததாகச் சொன்னவர்கள் 15 சதவீதத்தினர்தான். 2019 தோஹா போட்டி வருவதற்குள் மாரத்தான், நடைப் போட்டி வீரர்களிடையே இது பாதிக்கு மேல் உயர்ந்தது. இந்தத் தயக்கம் முட்டாள்தனமானது என்று சொல்லிவிட முடியாது. வெயிலில் பயிற்சி செய்தால் வேகம் குறைகிறது, குறைந்த வேகத்தில் ஓடிய கால்கள் பந்தய வேகத்தை மறந்துவிடும் என்பதே பல பயிற்சியாளர்களின் அச்சம். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் பளுவைக் குறைத்து உடலைத் தேற்ற வேண்டிய காலம் என்பதும் உண்மை. இதற்கு விடை ஒரு நாளை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஆகஸ்டில் சப்போரோபோன்ற ஊரில் போட்டியிடப்போகும் ஒரு வேக நடை வீரரின் ஆறாவது நாளை எடுத்துக்கொள்வோம். எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு எடை பார்க்கிறார். நேற்றைய காலை எடையைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நேற்று இழந்த நீர் இன்னும் திரும்பவில்லை என்று பொருள். வேகம் தேவைப்படும் கடினமான பயிற்சியை விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிடுகிறார், தரம் குறைவதில்லை. பகலில் குளிர்ந்த அறையில் ஓய்வு, தூக்கம். ஏசி அறையில் தூங்கினால் பழக்கம் கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லை. உடல் பழகுவது, நாளில் சில நேரம் உள்வெப்பம் உயர்ந்து நிற்பதால்தான், தூக்கம் கெட்டால் இழப்பே மிஞ்சும். பிற்பகலில்தான் வெயில் பயிற்சி, 60 முதல் 90 நிமிடம். இங்கே வேகத்தைக் குறிவைப்பதில்லை. நாடித்துடிப்பை, உதாரணமாக நிமிடத்துக்கு 145 என்று, நிலைநிறுத்திக்கொண்டு அதற்கு ஏற்ற வேகத்தில் நடக்கிறார். முதல் நாள் அந்தத் துடிப்புக்கு ஊர்ந்து போவது போலிருக்கும், ஆறாம் நாள் அதே 145க்குக் கால்கள் வேகம் பிடித்திருக்கும். உள்வெப்பம் 38.5 டிகிரியைத் தாண்டிச் சில பத்து நிமிடங்கள் அங்கே நிற்க வேண்டும். வசதியுள்ள அணிகள் விழுங்கக்கூடிய மாத்திரை வடிவ வெப்பமானியால் இதை அளக்கின்றன. பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு மெல்லிய உடுப்போடு எடை. முன்பு 62.0 கிலோ, பின்பு 60.6, இடையில் குடித்தது அரை லிட்டர் என்றால் ஒன்றேகால் மணி நேரத்தில் போனது 1.9 லிட்டர் வியர்வை. குறைந்த 1.4 கிலோவுக்கு அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது இரண்டு லிட்டருக்குச் சற்று மேல், உப்போடு சேர்த்துக் குடித்து ஈடுகட்டுகிறார். வெறும் தண்ணீராகக் குடித்தால் பாதி சிறுநீராகப் போய்விடும். உப்பு போட்ட கஞ்சியும் மோரும் ரசமும் இந்த வேலையை அழகாகவே செய்யும். போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெயில் பயிற்சியின் அளவு சுருங்கிவிடுகிறது. பழக்கம் விட்டுப்போக ஆரம்பித்தாலும் நாளுக்குச் சுமார் 2.5 சதவீதம்தான் குறையும் என்பதால் அந்த ஓய்வு நட்டமில்லை.

வெயிலான ஊருக்கு இரண்டு வாரம் முன்பே போய்த் தங்கப் பணமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகத்தில், சாதாரண தட்பவெப்பத்தில் ஓடி முடித்த கையோடு 40 டிகிரி வெந்நீரில் கழுத்தளவு 40 நிமிடம் வரை உட்காரவைத்து, ஆறு நாள் இதைத் தொடர்ந்தார்கள். வெப்பத்தில் 5 கிலோமீட்டர் ஓடும் நேரம் ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்தது. ஒரு தொட்டியும் ஒரு வெப்பமானியும் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால் போதும், தனியாக மட்டும் யாரும் இதைச் செய்யக் கூடாது.

நம் நாட்டில் அடிக்கடி கேட்கும் மறுப்பு வேறு: வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயில் பயிற்சி எதற்கு? இதில் பாதி உண்மை உண்டு. வெப்ப நாட்டில் நெடுங்காலம் வாழ்பவர்களின் உடல் சிக்கனமாக வியர்க்கப் பழகியிருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் அது அன்றாட நடமாட்டத்துக்கான பழக்கம், நாடி 170ல் ஓடும் இரண்டு மணி நேரத்துக்குப் போதாது. அதுவும் விடியற்காலையில் மட்டும் ஓடி, பகல் முழுவதும் நிழலிலும் ஏசியிலும் இருப்பவருக்கு, ஊரின் வெப்பநிலை உடலுக்குள் இறங்கவே இல்லை. உயரம் தரும் பலனுக்காக மலைநகரங்களில் மாதக்கணக்கில் முகாம் போட்டுவிட்டு நேராகச் சமவெளி வெயிலுக்கு இறங்குபவர்களின் நிலை இன்னும் மோசம். தோஹாவில் எத்தியோப்பியாவின் மூன்று வீராங்கனைகளுமே ஓட்டத்தை முடிக்கவில்லை. அவர்கள் பயிற்சி எடுக்கும் அடிஸ் அபாபாவைச் சுற்றிய மேட்டுநிலம் 2,300 மீட்டருக்கு மேல், அங்கே காற்று குளிர்ந்தது. வென்ற கென்யரும் மேட்டுநிலத்தவர்தான் என்று யாராவது சுட்டிக்காட்டினால் அதுவும் சரியே. பிறந்த மண்ணை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது, கடைசி இரண்டு வாரங்களில் உடல் எதைச் சந்தித்தது என்பதுதான் கேள்வி.

வெயில் பயிற்சியை அளவுக்கு மீறிப் போற்றுபவர்களும் இருக்கிறார்கள். 2010ல் வெளியான ஓர் ஆய்வு, 40 டிகிரியில் பத்து நாள் பழகிய சைக்கிள் வீரர்கள் குளிர்ச் சூழலிலும் 6 சதவீதம் முன்னேறினார்கள் என்றது. உடனே வெப்பம் ஏழைகளின் மலைமுகாம் என்று கொண்டாடப்பட்டது. நான் மேலே சொன்ன கத்தார் வீரர்களைத் திரும்பக் குளிரில் சோதித்தபோது அந்த முன்னேற்றம் தென்படவில்லை. குளிர்ந்த நாளிலும் அது உதவுமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. வெப்பத்தில் நடக்கும் போட்டிக்கு அது உதவும் என்பதில் மட்டும் வழக்கே இல்லை. பனிக்கட்டி உடுப்பு, நொறுக்கிய ஐஸ் பானம், தொப்பிக்குள் ஐஸ் போன்ற உத்திகளும் உண்மையிலேயே உதவுகின்றன, தொடக்கத்தில் உள்வெப்பத்தைச் சற்றுத் தாழ்த்தி நேரம் வாங்கித் தருகின்றன. ஆனால் இரத்த நீரைக் கூட்டும் வேலையை ஐஸ் செய்யாது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் பிழை நடந்திருக்கிறது. ஓடும்போது தண்ணீர் குடித்தால் உடம்பு இளகிவிடும் என்று தடுப்பது பழைய பிழை. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் பல பத்தாண்டுகள் அதைச் செய்தார்கள், நம் ஊர் மைதானங்களில் இன்றும் அந்தக் குரல் கேட்கிறது. அதை எதிர்க்கப் போய், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடித்துக்கொண்டே இரு என்ற அறிவுரை வந்தது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு உப்பு இயல்பான அளவுக்குக் கீழே நீர்த்துப்போயிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. எடைபார்க்கும் கருவி இரண்டு பிழையையும் ஒருசேரக் காட்டிக்கொடுக்கும்: எடை 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை, கூடினால் அதிகம்.

எவ்வளவு பழகினாலும் ஒரு வரம்பு உண்டு. 2016ல் தோஹாவில் நடந்த உலக சைக்கிள் போட்டியில் ஒரு வீரரின் உள்வெப்பம் 41.5 டிகிரி வரை போனது, அவர் சமாளித்துக்கொண்டார். அதே அளவில் இன்னொருவர் தடுமாறி விழுந்து, பேச்சுக் குழறி, நினைவு தப்பலாம். அப்போது நிமிடங்கள்தான் உயிர். அமெரிக்காவின் ஃபால்மவுத் நகரில் ஆகஸ்டு வெயிலில் நடக்கும் 11 கிலோமீட்டர் ஓட்டத்தில், 18 பந்தயங்களில் வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேரை அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. முதலில் குளிரவை, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்று என்பதே இன்றைய மருத்துவ விதி. அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தை 39 டிகிரி அருகே இறக்கிவிட்டால் பெரும்பாலும் உயிரும் உறுப்புகளும் தப்புகின்றன.

இது ஒலிம்பிக் வீரர்களுக்கு மட்டுமான செய்தியாக நின்றுவிடக் கூடாது. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டிய காவலர் தேர்வுக்காகக் கல்லூரி விடுமுறையில் திடீரென்று மைதானத்தில் இறங்கும் இளைஞர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களில் பலருக்கு முதல் நாளே முழு வேகத்தில், கத்திரி வெயிலில் பயிற்சி தொடங்கிவிடுகிறது. அவர்களுக்குப் பயிற்சி தருபவர்களிடமும், மாவட்டப் போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்யும் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் கேட்பது இவ்வளவுதான்: முதல் வாரம் வெயிலில் பாதி நேரம், பாதி வேகம் போதும், இரண்டாவது வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் கேட்பவரைத் தடுக்காதீர்கள். காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவரையும், இரவு தூங்காதவரையும் அன்று வெயிலில் இறக்காதீர்கள். மைதானத்து ஓரத்தில் ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீரும், பக்கத்துக் கடையில் சொல்லிவைத்த இரண்டு பார் ஐஸும் இருக்கட்டும். யாராவது தள்ளாடி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நடிக்கிறான் என்று நினைக்காமல் உடனே தூக்கி அந்தத் தண்ணீரில் கிடத்துங்கள். தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, அங்கிருந்தபடியே 108ஐ அழையுங்கள்.